டாக்டர் ருடால்ப் விர்ஷோ

காயம் பட்ட இடத்தில் புதிய சதை வளர்ந்து மூடுவதை இயற்கையின் கருணை என்று நாம் சொல்லுகிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் ரத்தக் குழாயின் உட்சுவரில் காயம் பட்டால், அதே கருணை அளவு கடந்து குழாயையே அடைத்து உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. இருதயத்தின் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் குறுகிவிட்டால், வைத்தியர்கள் ஒரு சிறு பலூனை உள்ளே செலுத்தி விரித்து வழி உண்டாக்குகிறார்கள். இம்முறை வழக்கத்துக்கு வந்த காலத்தில், இச்சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 30, 40 பேருக்கு ஆறு மாதத்திற்குள் அதே இடம் மறுபடியும் குறுகிற்று. வைத்தியரின் கை தவறவில்லை. நோயாளி பத்தியம் தவறியதே காரணம் என்று சொல்லவும் இடமில்லை. காயம் பட்ட சுவரே வளர்ந்து வழியை மறித்தது.

இந்த விசித்திரத்துக்கு விடை தேடியவர்கள், 1902-ம் வருஷத்தில் காலஞ்சென்ற ஒரு ஜெர்மன் வைத்தியரின் நூல்களிடம் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அவர் பெயர் ருடால்ப் விர்ஷோ. வைத்திய சாஸ்திரத்தில் அவருக்குள்ள புகழ் உலகறிந்தது. ராஜீய வாழ்வில் அவர் செய்த தொண்டு நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு கிளைகள் என்பதைக் காட்டுவதே இங்கு நமது நோக்கம்.

விர்ஷோ 1821-ம் வருஷம் அக்டோபர் மாதம் 13-ந் தேதி பிரஷ்யா தேசத்தின் பொமரேனியா மாகாணத்தில் ஷீபெல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தகப்பனார் சிறிது நிலம் வைத்துப் பயிரிட்டு வந்தவர். ஊர்ப் பொக்கிஷக் கணக்கையும் பார்த்து வந்தார். செல்வக் குடும்பமன்று. ஆதலால் ராணுவ வைத்தியர்களைத் தயார் செய்வதற்காக அரசாங்கம் பெர்லினில் நடத்தி வந்த கலாசாலையில் உபகாரச் சம்பளம் பெற்றே அவர் படிக்க நேர்ந்தது. 1843-ல் பட்டம் பெற்றதும், ஷாரிட்டே என்னும் பெரிய ஆஸ்பத்திரியில் பிணப் பரிசோதனைக் கூடத்தில் அமர்ந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பிய வைத்தியம் பெரும்பாலும் ஊகங்களின் மேல் நின்றது. சிரைகளில் உண்டாகும் அழற்சியே சகல நோய்களுக்கும் மூலம் என்று பிரான்ஸ் தேசத்தின் கீர்த்தி பெற்ற பண்டிதர் ஒருவர் சாதித்து வந்தார். இதைப் பரிசோதித்துப் பார்க்கும் வேலை இளைஞராகிய விர்ஷோவிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் பண்டிதரின் கியாதியைப் பார்க்கவில்லை, சாட்சியத்தைப் பார்த்தார். இறந்தவர்களின் நுரையீரல் தமனிகளில் காணப்படும் ரத்தக் கட்டிகள் அங்கேயே உண்டானவையல்ல, காலிலோ இடுப்பிலோ உள்ள சிரைகளில் உறைந்து, அங்கிருந்து பெயர்ந்து ரத்த ஓட்டத்தோடு வந்து தங்கியவை என்று கண்டார். நாய்களின் கழுத்துச் சிரையில் சிறு ரப்பர்த் துண்டுகளை இட்டு, அவை நுரையீரலில் போய் அடைப்பதைக் காட்டி அதை நிரூபித்தார். ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்குத் திராம்போஸிஸ் என்றும், உறைந்த கட்டி பெயர்ந்து போய் அடைப்பதற்கு எம்பாலிஸம் என்றும் அவர் இட்ட பெயர்களையே வைத்திய உலகம் இன்றும் வழங்கி வருகிறது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1847-ல் ஒரு நண்பருடன் கூடி ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார். அந்த நண்பர் சில வருஷங்களில் இறந்துபோக, தமது மரண பரியந்தம் தாம் ஒருவரே அதை நடத்தி வந்தார். அவர் பெயரைத் தாங்கி இன்றும் அது வெளிவருகிறது.

1848-ம் வருஷத் தொடக்கத்தில் அவர் வாழ்க்கை ஒரு திருப்பத்தை அடைந்தது. பிரஷ்யாவின் தென்கிழக்கு எல்லையிலுள்ள மேல் ஸைலீஷியாவில் பஞ்சமும், அதன் பின்னே டைபஸ் என்னும் விஷ ஜுரமும் பரவி, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். விஷயம் பத்திரிகைகளில் அடிபட்ட பிறகே சர்க்கார் விழித்துக்கொண்டு, விசாரித்து வருமாறு விர்ஷோவை அனுப்பினார்கள். சுமார் மூன்று வாரம் அவர் அங்கே சுற்றினார். அங்குள்ள ஏழைக் குடியானவர்கள் போலிஷ் பாஷை பேசுகிறவர்கள். பள்ளிக்கூடமோ உத்தியோகஸ்தரோ அவர்கள் பாஷையை மதிக்கவில்லை. நிலம் ஜமீன்தார்களுடையது. உருளைக்கிழங்கு விளைந்தால் சாப்பாடு, விளையாவிட்டால் பட்டினி. ஈரக் குடிசைகளில் மனிதரும் மாடும் ஒன்றாய் நெருங்கிக் கிடந்தனர்.

மருந்துகளின் ஜாபிதாவை எதிர்பார்த்திருந்த மந்திரிகளின் கையில், விர்ஷோ ஒரு குற்றப் பத்திரிகையை வைத்தார். இந்த நோய்க்குக் காரணம் வானமன்று, விதியுமன்று; நெடுங்காலத் துர்ப்பரிபாலனமே என்று எழுதினார். பரிகாரமாக அவர் விதித்தவை: தடையற்ற ஜனநாயகம், ஜனங்களின் சொந்தப் பாஷையில் கல்வி, ஸ்தல சுயாட்சி, நல்ல சாலைகள், விவசாய அபிவிருத்தி, ஏழையின் தோளிலிருந்து வரிச்சுமையை இறக்கிப் பணக்காரன் தோளில் ஏற்றுதல். ஒரு தொற்றுநோயைப் பற்றிய சர்க்கார் அறிக்கையில் இவ்வளவும் இருந்தால் எந்தச் சர்க்காரும் சந்தோஷப்பட்டிராது.

அவர் பெர்லின் திரும்பிய சில நாட்களுக்கெல்லாம் மார்ச் மாதப் புரட்சி மூண்டது. விர்ஷோ வீதித் தடைகள் எழுப்பியவர்களோடு சேர்ந்து நின்றார். அவ்வாண்டு ஜூலையில் வைத்தியச் சீர்திருத்தத்துக்கென்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். நோயாளிக்கு வைத்தியம் தருமமன்று, உரிமை என்பது அதன் கட்சி. ஏழைகளின் வழக்கில் வைத்தியனே இயற்கையான வக்கீல் என்ற அவர் கருத்து, அத்தொழிலில் உள்ள நம் போன்றவர்களைச் சற்று வெட்கமுறச் செய்யத்தக்கது. சட்டசபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் உரிய வயது நிரம்பாததால் ஆசனம் கிடைக்கவில்லை. புரட்சி அடங்கியதும் சர்க்காரின் கை ஓங்கியது. 1849-ல் அவரை ஆஸ்பத்திரி உத்தியோகத்தினின்று நிறுத்திவைத்தார்கள். பிறகு சலுகைகளைக் குறைத்து மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகை ஒரு வருஷத்தோடு நின்றது. பவேரியா நாட்டிலிருந்த உர்ஸ்பர்க் சர்வகலாசாலை ஆசிரியப் பதவி கொடுக்க முன்வரவே, விர்ஷோ அங்கே சென்றார்.

உர்ஸ்பர்க்கில் கழிந்த ஏழு வருஷங்கள் வீண் போகவில்லை. உடல் முழுவதும் உயிரணுக்களால் ஆனது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் உருவமற்ற ஒரு திரவத்திலிருந்து அணுக்கள் தாமே உறைந்து தோன்றுகின்றன என்று அறிஞர் பலர் நம்பி வந்தார்கள். இது தவறு, ஒவ்வோர் அணுவும் முன்னிருந்த ஓர் அணுவிலிருந்தே பிறக்கிறது என்று 1855-ல் விர்ஷோ முழங்கினார். இவ்விஷயத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ராபர்ட் ரெமாக் என்ற யூத விஞ்ஞானி இதே உண்மையைச் சில வருஷம் முன்னதாகவே கண்டு வெளியிட்டிருந்தார். அவருக்குச் சேர வேண்டிய கீர்த்தியை விர்ஷோ முழுவதும் கொடுக்கவில்லை. பெரியவர்களின் சரித்திரத்தில் இத்தகைய குறைகளை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

1856-ல் பெர்லின் சர்வகலாசாலை அவரைத் திரும்ப அழைத்தது. தமக்கென்று தனி ஆராய்ச்சிக் கட்டடம் எழுப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அவர் வந்தார். 1858-ல் அவர் செய்த இருபது பிரசங்கங்கள், அணு நோயியல் என்று பொருள்படும் பெயருடன் புத்தகமாக வெளிவந்தன. உடல் என்பது ஓர் அரசனும் அவனுக்கு அடங்கிய குடிகளும் அன்று. உயிருள்ள பிரஜைகள் பலர் சேர்ந்து நடத்தும் ஒரு குடியரசு. நோய் என்பது வெளியிலிருந்து வந்து புகுந்த பூதமன்று, மாறிய நிலைமையில் அந்தப் பிரஜைகள் நடந்துகொள்ளும் விதமே என்பது அந்நூலின் சாரம்.

தமனிகள் தடித்துக் குறுகும் நோயை அவர் ஆராய்ந்ததும் இந்தக் கண்கொண்டுதான். அந்நாளில் வியன்னா நகரத்து ரோகிடான்ஸ்கி என்ற பேராசிரியர், ரத்தத்திலிருந்து பிரிந்த பொருள் சுவரின்மேல் படிவதே இத்தடிப்பு என்று போதித்தார். விர்ஷோ பூதக்கண்ணாடியின் கீழ் பார்த்தபோது, தடிப்பு உட்சுவரின் மேற்பரப்பில் இல்லை, அதற்குள்ளே இருந்தது. வெளியிலிருந்து வந்து படிந்ததாயின் உள்ளே எப்படிப் புகும்? எனவே, ஏதோ உறுத்தலுக்கு ஆளான சுவரின் சொந்த அணுக்களே பெருகித் தடிக்கின்றன, கொழுப்பும் சிதைவும் அதற்குப் பின்னர் வருபவை என்று தீர்மானித்தார். உயிரணுக்கள் மூன்று வகைத் தூண்டுதல்களுக்கு இணங்குகின்றன என்றும் அவர் வகுத்தார். ஒன்று தன் தொழிலைச் செய்யத் தூண்டுவது. மற்றொன்று போஷணையை ஏற்றுக்கொள்ளத் தூண்டுவது. மூன்றாவது புதிய அணுக்களைப் பிறப்பிக்கத் தூண்டுவது. அந்தத் தூண்டுதல் எப்பொருளின் வடிவில் வருகிறது, அணுவுக்குள் எவ்வழியே செல்கிறது என்பதைக் காணும் கருவிகள் அவரிடம் இல்லை.

ஆராய்ச்சிக் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு அவர் உள்ளேயே உட்கார்ந்துவிடவில்லை. 1859-ல் பெர்லின் நகரசபை அங்கத்தினரானார். சாகும்வரை அங்கத்தினராகவே இருந்தார். நாற்றமெடுத்த திறந்த சாக்கடைகளை ஒழித்து நிலத்தடிக் குழாய்கள் போட்டு, கழிவுநீரை நகருக்கு வெளியே வயல்களுக்குக் கொண்டு செல்லும் பெரும் வேலை அவருடைய இடைவிடாத வாதத்தின் பலனாகவே நிறைவேறியது. நகர ஆஸ்பத்திரிகளும் இறைச்சிப் பரிசோதனையும் அவர் முயற்சியால் ஏற்பட்டன. 1861-ல் முற்போக்குக் கட்சியை ஸ்தாபித்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருஷம் பிரஷ்யச் சட்டசபையில் புகுந்தார். அப்போது சட்டசபை பட்ஜெட்டை நிராகரித்தும், மந்திரி பிஸ்மார்க் வரி வசூலித்து ராணுவத்தைப் பெருக்கி வந்தார். பட்ஜெட்டை நிறைவேற்றும் அதிகாரம் ஜனப் பிரதிநிதிகளுடையதா, மந்திரியுடையதா என்ற அந்தப் போராட்டத்தில் விர்ஷோ முன்னணியில் நின்றார். 1865-ல் சபையில் அவர் சொன்ன ஒரு வார்த்தையால் கோபமுற்ற பிஸ்மார்க் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். விர்ஷோ மறுத்துவிட்டார். சபையில் எழுந்த விவகாரத்தைத் துப்பாக்கியால் தீர்க்க ஒப்பாதது கோழைத்தனமன்று. அதுவே சட்ட ஆட்சியின் முதற் பாடம்.

ஜெர்மானியர் ஒரு கலப்பற்ற ஜாதி என்ற கர்வம் தலையெடுத்த நாளில், 67 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் தலைமயிர், கண், தோல் இவற்றின் நிறத்தைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சியை அவர் நடத்தினார். முடிவு 1886-ல் வெளிவந்தது. கலப்பற்ற ஜாதி என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அவர் தவறாதவரல்லர். பிரசவ விடுதிகளில் வைத்தியரின் கையே மரணத்தைக் கொண்டுபோகிறது என்று காட்டிய ஸெம்மல்வைஸை அவர் ஏற்கவில்லை. நோய்க் கிருமிகளின் வல்லமையைக் காக் நிரூபித்த பின்னரும் சந்தேகத்துடனேயே பார்த்தார். நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த ஆதிமனிதனின் எலும்பை நோயுற்ற மனிதனின் எலும்பு என்று தள்ளினார். உள்ளே நோக்கப் பழகிய கண், வெளியிலிருந்து வரும் காரணத்தைக் காணத் தாமதித்தது. தமனி விஷயத்திலும் அவர் தீர்ப்பு முழுமையானதன்று. 1913-ல் ரஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி அவற்றின் தமனிகள் கெடுவதைக் காட்டினார். ரத்தத்திலிருந்து வருவதும் குற்றத்தில் பங்கு கொள்ளுகிறது என்று அதனால் ஏற்பட்டது.

1902-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி, எண்பது வயதைக் கடந்த அக்கிழவர், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கும்போது விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து அவர் தேறவே இல்லை. செப்டம்பர் 5-ந் தேதி பெர்லினில் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை வர எழுபது வருஷம் சென்றது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் ரஸ்ஸல் ராஸ் என்பவர், தமனி நோய் காயத்துக்கு எதிரொலியாகத் தோன்றுவது என்ற கொள்கையை 1973-ல் கிளாம்ஸெட் என்பவருடன் கூடி வெளியிட்டார். மறு வருஷம், ரத்தத் தட்டணுக்களிலிருந்து கசியும் ஒரு பொருள் தசை அணுக்களைப் பெருகச் செய்கிறது என்று அவரும் அவர் கூட்டத்தாரும் காட்டினார்கள். விர்ஷோ தூண்டுதல் என்று கூறியதற்கு உருவம் கிடைத்தது. 1977-ம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி, ஸுரிக் நகரத்தில் ஆந்திரேயாஸ் க்ருண்ட்ஸிக் என்ற வைத்தியர் விழித்திருந்த நோயாளியின் இருதயத் தமனியில் முதன்முதலாகப் பலூனை விரித்தார். அதன் பின் காயமும் எதிரொலியும் ஆராய்ச்சிக்கூட விஷயமாக மட்டும் இருக்கவில்லை. நோயாளிகளின் தலைவிதி ஆயின.

நடப்பது இதுவே. தமனியின் உட்புறத்தை ஒரே வரிசையான மெல்லிய அணுக்கள் பாய் விரித்தாற்போல் மூடியிருக்கின்றன. அதற்கு வெளியே நடு அடுக்கில் தசை அணுக்கள் உள்ளன. உள்வரிசை அணுக்கள் நைட்ரிக் ஆக்ஸைட் என்ற வாயுவை இடைவிடாது வெளியிட்டு, அத்தசை அணுக்களைத் தளர்ந்தும் அடங்கியும் இருக்கச் செய்கின்றன. பலூன் விரியும்போது பாய் கிழிகிறது. அடக்கும் கட்டளை நின்றுபோகிறது. கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டி, பி. டி. ஜி. எப். என்னும் புரதத்தைக் கொட்டுகின்றன. அது தசை அணுக்களை உட்பக்கம் இழுக்கிறது. நசுங்கிய அணுக்களிலிருந்தே சிந்தும் வேறொரு புரதம் அவற்றைப் பெருகத் தூண்டுகிறது. இந்தத் தூதர்கள் அணுவுக்குள் நுழைவதில்லை. அணுவின் புறத்தில் தமக்கென்று அமைந்த ஏற்பியைத் தொடுகிறார்கள். தொட்டதும் ஏற்பியின் உட்பகுதியில் பாஸ்பேட் என்ற முத்திரை விழுகிறது. உள்ளேயுள்ள நொதிகள் ஒன்றின்மேல் ஒன்று அதே முத்திரையைக் குத்தி, செய்தியை அணுவின் உட்கருவரை கடத்துகின்றன. தொழில் செய்துகொண்டிருந்த தசை அணு தன் தொழிலை விட்டு, இடம் பெயர்ந்து, இரண்டாகி, நான்காகி, தன்னைச் சுற்றிலும் நார்ப்பொருளைச் சுரந்து வழியை அடைக்கிறது. அதன் நோக்கம் காயத்தை ஆற்றுவதுதான். எங்கே நிறுத்துவது என்று சொல்லும் கட்டளைதான் அதற்குக் கிடைக்கவில்லை.

விரித்த சுவர் தானே சுருங்குவதும் இதோடு சேர்ந்தது. 1986 முதல், ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயை உள்ளே நிறுத்தி அச்சுருக்கத்தைத் தடுத்தார்கள். ஆனால் உலோகமே ஓயாத உறுத்தலாகி, வளர்ச்சி வலையின் கண்கள் வழியே உள்ளே புகுந்தது. எனவே செய்தியையே நடுவழியில் மறிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மருந்து கிடைத்த கதையும் அதிசயமானது. 1964-ல் கனடாவிலிருந்து சென்ற ஒரு குழுவினர் பஸிபிக் சமுத்திரத்திலுள்ள ஈஸ்டர் தீவில் மண் எடுத்து வந்தார்கள். பஞ்சாபில் பிறந்து மாண்ட்ரியாலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுரேந்திரநாத் சேகலும் அவருடைய துணைவர்களும் அம்மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ராபமைஸின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது அணுவுக்குள் எம்-டார் என்னும் புரதத்தை அடக்கி, பிரிவதற்கு ஆயத்தமான அணுவை நிறுத்துகிறது. அம்மருந்து பூசிய ஸ்டென்டை 1999-ல் பிரேஸில் தேசத்து ஸாவ் பாவ்லோ நகரத்தில் எட்வர்டோ ஸௌஸா என்ற வைத்தியர் முதலில் மனிதருக்கு வைத்தார். மருந்து பூசிய ஸ்டென்டுகள் வந்தபின் மறுபடி குறுகுவது மிகவும் குறைந்தது.

ஆயினும் ஒரு பாடம் மீதி இருந்தது. அந்த மருந்து, கெட்ட வளர்ச்சியையும் நல்ல வளர்ச்சியையும் பேதம் பாராமல் நிறுத்தியது. கிழிந்த பாய் மீண்டும் விரியத் தாமதமாயிற்று. மூடப்படாத உலோகத்தின்மேல், மாதங்கள் கடந்தும், சிலருக்கு ரத்தம் உறைந்து திடீரென்று அடைத்தது. 1840-களில் விர்ஷோ எதற்குத் திராம்போஸிஸ் என்று பெயரிட்டாரோ, அதுவே! இக்காரணத்தால் ஸ்டென்ட் பெற்றவர்கள் தட்டணுக்களை அடக்கும் மருந்தை வைத்தியர் சொன்ன காலம்வரை நிறுத்தாமல் உண்ண வேண்டியிருக்கிறது. வேலைத் தொந்தரவிலோ அலட்சியத்திலோ தாமாக நிறுத்திவிடும் நேயர்கள் இதைக் கவனிப்பார்களாக.

விர்ஷோவின் இரு வாழ்க்கைகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன. ஸைலீஷியாவின் குடியானவனையும் தமனிச் சுவரின் அணுவையும் அவர் ஒரே விதமாகவே விசாரித்தார். இவன் ஏன் இப்படி ஆனான், இவனுக்கு என்ன நேர்ந்தது என்பதே அவர் கேட்ட கேள்வி. அடக்கிவைத்தால் போதும் என்று நினைத்த சர்க்கார் 1849-ல் அவரை நீக்கியது. ஸைலீஷியாவின் ஜுரத்தை நீக்கவில்லை. காயத்துக்குக் கிளம்பும் எதிரொலியைக் கண்மூடித்தனமாக அடக்குவது வைத்தியமாகாது; கண்மூடித்தனமாக வளரவிடுவதும் வைத்தியமாகாது. காயத்தைக் குறைத்து, கிழிந்ததை மூடவிட்டு, அளவு கடந்ததை மட்டும் நிறுத்துவதே வைத்தியம். உடலை ஆளுகிறவர்களும் நாட்டை ஆளுகிறவர்களும் இதை அறிந்து நடப்பார்களானால், அந்தக் கிழவரின் உழைப்பு வீண்போகாது.